எதிரிகள் கூட்டாளிகள் ஆவது அரதப்பழசா? 'லெவியாத்தன்' முத்தொகுதி பற்றி

வாசகர் கேள்வி, ஆகஸ்ட் 2, 2025

"நெட்ஃபிளிக்ஸில் 'லெவியாத்தன்' அனிமே பார்த்தேன். ஓர் இளவரசன், ஆண் வேடத்தில் ஒரு பெண், இருவரும் எதிரெதிர் அணி, கடைசியில் கூட்டாளிகள். இதை எத்தனை தடவைதான் பார்ப்பது? மூன்று புத்தகம் உட்கார்ந்து படிக்கிற அளவுக்கு இதில் அப்படி என்ன இருக்கிறது?"

ஆகஸ்ட் 2, மாலை

எதிரிகள் கூட்டாளிகள் ஆவது பழசுதான், மறுக்கவில்லை. ஆனால் இந்தத் தொடர் அதை வைத்துப் பிழைக்கவில்லை என்பது என் கட்சி.

படிக்காதவர்களுக்கு: ஸ்காட் வெஸ்டர்ஃபெல்ட் எழுதிய மூன்று நாவல்கள். 'லெவியாத்தன்' 2009, 'பெஹிமோத்' 2010, 'கோலியாத்' 2011. காலம் 1914, முதல் உலகப்போர் மூளுகிற வேளை. ஆனால் உலகம் வேறு. அங்கே டார்வின் பரிணாமத்தோடு நிற்காமல் உயிரின் இழைகளைப் பிரித்துப் பின்னவும் கற்றுவிட்டார். அதனால் பிரிட்டன் பக்கம் போர்க்கப்பல், தூது, காவல் எல்லாமே வளர்த்தெடுத்த பிராணிகள். ஜெர்மனி, ஆஸ்திரியா பக்கம் இரும்பும் எஞ்சினும். காலால் நடக்கிற பீரங்கி வண்டிகள், அதாவது நடைவண்டிகள். முதல் கோஷ்டி டார்வினிஸ்டுகள், இரண்டாவது கிளாங்கர்கள்.

அலெக், சரயேவோவில் கொல்லப்பட்ட ஆஸ்திரியப் பட்டத்து இளவரசர் ஆர்ச்டியூக் ஃபிரான்ஸ் ஃபெர்டினாண்டின் மகன், கதைக்காக உண்டாக்கிய மகன். சொந்த நாட்டுப் படையே துரத்த, ஒரு நடைவண்டியில் சுவிட்சர்லாந்து மலைக்கு ஓடுகிறான். டெரின் ஸ்காட்லாந்துப் பெண். டிலன் என்ற பெயரில், பையனாக வேடம் போட்டு பிரிட்டிஷ் வான்படையில் சேர்கிறாள். அவள் வேலை பார்க்கும் கப்பல், திமிங்கிலத்தை மூலமாக வைத்து வளர்த்த ஒரு பறக்கும் பிராணி. அது அடிபட்டு, அலெக் ஒளிந்திருக்கிற பனிமலையில் வந்து விழுகிறது.

இப்போது என் கட்சிக்கு வருகிறேன். அலெக் யார் என்பது முதல் புத்தகத்திலேயே டெரினுக்குத் தெரிந்துவிடுகிறது. டெரின் யார் என்பது அலெக்குக்குத் தெரிய மூன்றாம் புத்தகம் வரை ஆகிறது. இடையில் அவன் தன் உயிரையே அவளிடம் ஒப்படைத்திருக்கிறான், அவளோ தன் சொந்தப் பெயரைக்கூடச் சொல்லவில்லை. எதிரி நண்பனாகிற கதை முதல் புத்தகத்தோடு தீர்ந்துவிடுகிறது. மிச்சமெல்லாம் ஓடுவது இந்தக் கணக்கு ஒத்துவராத நட்பில்தான்.

ஆகஸ்ட் 2, இரவு

அனிமேயா புத்தகமா என்று கேட்டவருக்கு: புத்தகம். மூன்று நாவலை 12 பாகத்தில் அடைத்தால் எது நசுங்கும்? சும்மா பேசிக்கொண்டிருக்கிற இடங்கள்தான் நசுங்கும். இந்த இருவரின் உறவு வளர்வதே அங்கேதான். நடைவண்டிகளை அசைய விட்டதில் அனிமேயை எடுத்த ஆரஞ்சு ஸ்டுடியோக்காரர்களைக் குறை சொல்ல முடியாது.

ஆகஸ்ட் 5

'கணக்கு ஒத்துவராத நட்பு' என்றதைச் சிலர் பிடித்துக்கொண்டார்கள். "அவள் சொன்னால் வேலை போய்விடும், அதனால் சொல்லவில்லை, இதில் என்ன பெரிய விஷயம்?" என்கிறார் ஒருவர். நியாயம்தான். ஆனால் சொல்லாமல் விடப்பட்டவன் பக்கம் உட்கார்ந்து பார்த்தவன் நான்.

கப்பலில் ஜூனியர் இன்ஜினியராக இருந்த காலம். பன்னிரண்டு–நான்கு வாட்ச், அதாவது ஷிஃப்ட், பகலிலும் நடுராத்திரியிலும். எனக்கு மேலே இருந்த தேர்ட் இன்ஜினியர் உக்ரைன்காரர். அவருக்கு என் ஆங்கிலம் புரியாது, எனக்கு அவருடையது புரியாது. அவர் சாப்பாடு எனக்கு ஆகாது. நான் எஞ்சின் ரூமில் நுழைந்ததும் தொட்டுக் கும்பிடுவதைப் பார்த்துச் சிரிப்பார். இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் தேர்ந்தெடுக்கவில்லை. வாட்ச் பட்டியலில் பெயர் அடுத்தடுத்து இருந்தது, அவ்வளவுதான்.

அப்புறம் ஓர் இரவு ஜெனரேட்டர் ட்ரிப் ஆகி கப்பல் முழுக்க இருட்டு. எமர்ஜென்சி விளக்கு வெளிச்சத்தில் அவர் கையைக் காட்டக் காட்ட நான் வால்வைத் திருப்பி, மறுபடி மின்சாரம் வந்தது. அந்த அரைமணி நேரம் எங்களுக்கு மொழியே தேவைப்படவில்லை. அதற்குப் பிறகு அவருடைய தேநீரில் எனக்கும் ஒரு பங்கு.

இதுவரைக்கும் எல்லாக் கதையிலும் வருகிற கதைதான். அடுத்ததுதான் முக்கியம். அவருக்கு ஒரு காது கேட்காது என்பதைப் பல மாதம் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன், அதுவும் வேறொருவர் சொல்லி. எஞ்சின் ரூமில் காது என்பது பாதி வேலை. பம்ப் சத்தம் மாறினால் மானி காட்டுவதற்கு முன்பே காது சொல்லும். 'அவர் இருக்கிறார், அவர் கேட்டுக்கொள்வார்' என்று நான் பின்பக்கம் திரும்பி வேலை பார்த்த எத்தனை இரவுகள்! எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. ஊரில் மனைவியைப் பற்றி, கடனைப் பற்றி, அப்பாவோடு சண்டையைப் பற்றி எல்லாம் நான் அவரிடம் கொட்டியிருந்தேன் என்பதுதான் அதிகம் உறுத்தியது.

அலெக்குக்கு உண்மை தெரிந்ததும் வருகிற கோபம் எனக்கு அத்துப்படி. ஒரு பெண்ணிடம் ஏமாந்ததற்காக வரும் கோபமாக அதைப் படிக்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தான் மட்டும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டோம் என்ற கூச்சம்தான் அங்கே கோபமாக வருகிறது.

ஆகஸ்ட் 6

சரி, இன்ஜினியரிங் பக்கம் போவோம். "பிராணி எப்படிப் பறக்கும், சும்மா கப்சா" என்றவருக்கு.

பறப்பது ஹைட்ரஜனால். கதைப்படி கப்பலின் வயிற்றுக்குள் இருக்கும் நுண்ணுயிர்கள் அதை உண்டாக்குகின்றன. ஹைட்ரஜன் வெளியிடும் நுண்ணுயிர்கள் நம் உலகிலும் உண்டு, அதனால் அந்த அளவில் கப்சா இல்லை. கசிவை மோப்பம் பிடிக்க நாய் மாதிரிப் பிராணிகள் கப்பல் முழுக்க அலைகின்றன. ஹைட்ரஜன் கப்பலில் ஒரு தீப்பொறி போதும், ஆகவே இது எனக்குப் பிடித்த ஏற்பாடு.

சின்னக் கணக்கு ஒன்று. ஒரு கனமீட்டர் ஹைட்ரஜன் தரைமட்டத்தில் சுமார் 1.1 கிலோ தூக்கும். படைக்குச் சேரும் நாளில் டெரினைத் தூக்கிக்கொண்டு போகிறதே ஒரு ஜெல்லிமீன் பலூன், 'ஹக்ஸ்லி' என்று பெயர், அதை 5 மீட்டர் விட்டமுள்ள உருண்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். கொள்ளளவு 65 கனமீட்டர், தூக்கும் எடை 72 கிலோ சொச்சம். டெரினை 50 கிலோ என்றால் மிச்சம் 22 கிலோவில் அந்தப் பிராணியின் தோல், தசை, தொங்கும் கைகள் எல்லாம் அடங்க வேண்டும். இடிக்கும், ஆனால் அடியோடு நடக்காத விஷயம் என்று தள்ளிவிட முடியாது. இன்னும் ஒரு மீட்டர் விட்டம் கூட்டினால் தாராளம்.

இதைவிடப் பெரிய வேடிக்கை நம் சொந்த உலகத்தில் இருக்கிறது. ஜெர்மனியின் நிஜ ஜெப்பலின்களுக்குள் இருந்த வாயுப் பைகளை எதில் செய்தார்கள் தெரியுமா? மாட்டுக் குடலின் மேல்சவ்வில். ஒரு கப்பலுக்கு இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட மாடுகளின் குடல் போயிற்று. அதற்காக ஜெர்மனியின் வசத்தில் இருந்த சில பகுதிகளில் சாசேஜ் செய்யவே தடை போட்டார்கள். இரும்பை நம்பிய நாடு வானத்தில் பறந்தது பிராணியின் வயிற்றுக்குள்ளே இருந்துகொண்டுதான். வெஸ்டர்ஃபெல்ட் எழுதிய கிளாங்கர்கள் இதைக் கேட்டால் வாந்தி எடுப்பார்கள்.

ஆகஸ்ட் 6, கொஞ்சம் கழித்து

கதையில் வரும் வௌவால் பற்றிக் கேட்டது யார்? ஆமாம், டார்வினிஸ்டுகள் அதற்கு இரும்பு முள்ளை உணவோடு தின்னக் கொடுத்து, எதிரி விமானத்தின் மேல் பறக்கவிட்டு, சிவப்பு விளக்கு அடித்தால் பயத்தில் கழிந்துவிடும். அதுதான் ஆயுதம். பதின்மூன்று வயதுப் பையன்கள் புத்தகத்தைக் கீழே வைக்காததற்குக் காரணம் நட்பு, துரோகம் எல்லாம் இல்லை, இதுதான்.

ஆகஸ்ட் 10

"கற்பனை மகன் எதற்கு, நிஜத்தில் பிள்ளைகளே இல்லையா?" என்ற கேள்விக்கு.

இருந்தார்கள், மூன்று பேர். சோஃபி 1901, மாக்சிமிலியன் 1902, எர்ன்ஸ்ட் 1904. தாய் சோஃபி கோட்டெக் ராஜகுலம் இல்லை, வெறும் பிரபு குடும்பம். அதனால் கல்யாணத்துக்கு முன்பு ஃபெர்டினாண்ட் எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது: பிறக்கிற பிள்ளைகளுக்கு அரியணையில் உரிமை இல்லை என்று. அந்தச் சத்தியம் நடந்தது 1900 ஜூன் 28. இருவரும் சரயேவோவில் சுடப்பட்டது 1914 ஜூன் 28. சரியாகப் பதினான்கு ஆண்டு, அதே தேதி. எந்தக் கதாசிரியனாவது இப்படி எழுதியிருந்தால் நாமே 'நம்பும்படி இல்லை' என்று சொல்லியிருப்போம். செத்த பிறகும் ஆஸ்திரியாவை ஆண்ட ஹாப்ஸ்பர்க் குடும்பக் கல்லறையில் சோஃபிக்கு இடம் கிடையாது. அது முன்பே தெரிந்ததால் ஃபெர்டினாண்ட் தனக்கும் சேர்த்து ஆர்ட்ஸ்டெட்டன் கோட்டையில் இடம் கட்டி வைத்திருந்தார்.

நாவலின் முடிச்சு முழுக்க இந்தச் சத்தியத்தின் மேல்தான் நிற்கிறது. போப்பாண்டவர் ரகசியமாக ஒரு கடிதம் கொடுத்திருக்கிறார், அதன்படி அலெக்குக்கு உரிமை உண்டு என்பது கற்பனை. சரித்திரத்தில் இருந்த ஓட்டையில் கச்சிதமாக ஆணி அடித்திருக்கிறார்.

ஆனால் எனக்கு ஓர் உறுத்தல். அந்த நிஜப் பிள்ளைகள் அப்பா அம்மா இருவரையும் ஒரே நாளில் இழந்தவர்கள். 1938இல் நாஜிகள் ஆஸ்திரியாவுக்குள் வந்ததும் மாக்சிமிலியனையும் எர்ன்ஸ்டையும் டாக்காவ் வதைமுகாமுக்கு அனுப்பினார்கள். இவர்களை அழித்துவிட்டு அந்த இடத்தில் சாகசம் செய்யும் பையன் ஒருவனை வைப்பது சரியா? இரண்டு நாளாக யோசிக்கிறேன். பெயரை மாற்றி ஒரு பொய்யான ராஜ்யம் உண்டாக்கியிருந்தால் இந்த உறுத்தல் இருக்காது, ஆனால் கதையும் பாதி கனம் இழந்திருக்கும்.

ஆகஸ்ட் 11

மேலே எழுதியதற்கு வந்த பதில்: "நிஜப் பிள்ளைகளை அவர்கள் பெயரிலேயே கதைக்குள் இழுத்து அடிபட வைப்பதைவிட, இல்லாத ஒருவனை எழுதுவதுதான் மரியாதை." இதை நான் யோசிக்கவில்லை. நல்ல வாதம், ஏற்றுக்கொள்கிறேன், முக்கால்வாசி.

ஆகஸ்ட் 13

இரண்டாவது புத்தகம்தான் மூன்றிலும் சிறந்தது. கான்ஸ்டாண்டிநோபிளில், அதாவது இன்றைய இஸ்தான்புல்லில் நடக்கிறது. இதற்குப் பின்னால் இருக்கிற நிஜக் கதை தெரிந்தால் ருசி கூடும்.

துருக்கிக்காரர்கள் பிரிட்டனில் இரண்டு போர்க்கப்பல் கட்டச் சொல்லிப் பணம் கொடுத்திருந்தார்கள். பொதுமக்களிடம் வசூல் செய்த பணமும் அதில் உண்டு. 1914 ஆகஸ்டில், போர் தொடங்கும் நேரத்தில், அப்போது பிரிட்டிஷ் கடற்படை அமைச்சராக இருந்த சர்ச்சில் இரண்டையும் பறிமுதல் செய்துவிட்டார். சுல்தான் ஒஸ்மான் என்ற கப்பல் 'அஜின்கோர்ட்' ஆனது, ரெஷாதியே 'எரின்' ஆனது. ஊரே கொதித்தது. சரியாக அந்த நேரத்தில் பிரிட்டிஷ் கடற்படைக்குத் தண்ணீர் காட்டிவிட்டு ஜெர்மனியின் கோபென், பிரெஸ்லாவ் என்ற இரண்டு போர்க்கப்பல்களும் அங்கே போய்ச் சேர்ந்தன. 'உங்களுக்கே வைத்துக்கொள்ளுங்கள்' என்று ஜெர்மனி கொடுத்துவிட்டது. பெயர் மாறியது, கொடி மாறியது, மாலுமிகள் தொப்பி மாற்றிக்கொண்டார்கள், அவற்றின் ஜெர்மன் தளபதி அட்மிரல் ஸூஷோன் மட்டும் அவரேதான். அக்டோபர் 29 அன்று அந்தக் கப்பல்கள் ரஷ்யத் துறைமுகங்களைச் சுட்டன, துருக்கி போருக்குள் வந்தது.

நாவலில் சுல்தானைச் சமாதானப்படுத்த ஒரு பரிசோடு போகிறவர் டாக்டர் நோரா பார்லோ. இவர் நிஜ மனுஷி, டார்வினின் பேத்தி, மரபியல் படித்தவர். தாத்தாவின் சுயசரிதையிலிருந்து குடும்பத்தார் வெட்டியிருந்த பகுதிகளைச் சேர்த்து 1958இல் முழுதாகப் பதிப்பித்தவர். 103 வயது வரை இருந்தார். கதையில் அவர் கூடவே டாஸ்மேனியப் புலி ஒன்றும் சுற்றுகிறது. நிஜத்தில் அந்த இனத்தின் கடைசிப் பிராணி 1936இல் ஹோபார்ட் மிருகக்காட்சிசாலையில் செத்தது. ஆசிரியர் இதைப் பற்றி மூச்சு விடுவதில்லை, அது பாட்டுக்கு வந்து போகிறது.

இப்போது நம் ஊர்க் கதை, இரண்டு வரிதான். கோபென் மத்தியதரைக் கடலில் ஆட்டம் காட்டியபோது இந்துமாக்கடலில் ஆட்டம் காட்டியது எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல். 1914 செப்டம்பர் 22 இரவு மெட்ராஸ் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்தியது அதுதான். உயர் நீதிமன்ற வளாகத்தில் பலகை இருக்கிறது, பார்த்திருப்பீர்கள். நவம்பரில் கோகோஸ் தீவுக்கருகே எம்டன் வீழ்ந்தபோது, கரைக்குப் போயிருந்த ஒரு குழு மட்டும் தப்பித்தது. ஆயிஷா என்ற பாய்மரக் கப்பலைப் பிடித்து, ஏமன் வழியாகப் பாலைவனம் கடந்து, 1915 மே மாதம் அவர்கள் போய்ச் சேர்ந்த ஊர் எது? கான்ஸ்டாண்டிநோபிள். வரவேற்றவர் அதே ஸூஷோன். மெட்ராஸைச் சுட்ட கப்பலின் ஆட்களும் கோபெனின் அட்மிரலும் ஒரே ரயில் நிலையத்தில் கைகுலுக்கியிருக்கிறார்கள். இதுவே ஒரு நாவலுக்கான கதை.

ஆகஸ்ட் 14

"இரண்டு வரி என்று சொல்லிவிட்டு ஒரு பத்தி எழுதியிருக்கிறீர்கள்." ஆமாம். தூத்துக்குடிக்காரனிடம் கப்பல் பேச்சைத் தொடங்கிவிட்டு நேரம் பார்க்கக் கூடாது.

ஆகஸ்ட் 20

முதல் புத்தகத்தை அண்ணன் மகளிடம் கொடுத்திருந்தேன், ஒன்பதாம் வகுப்பு. மூன்றையும் முடித்துவிட்டு நேற்று வந்தாள். இந்த இழையையும் படித்திருக்கிறாள். நேராகச் சண்டைக்கு வந்துவிட்டாள்.

"சித்தப்பா, அலெக் எல்லாத்தையும் நம்பிக்கையிலயா சொன்னான்? வேற வழியில்லாம மாட்டிக்கிட்டான். அவன் யாருன்னு டெரின் தானா கண்டுபிடிச்சா. இவளை மட்டும் தானா வந்து சொல்லணும்கறது என்ன நியாயம்?"

நான் உக்ரைன்காரர் கதையை எடுத்தேன். அவள் விடவில்லை. "சரி, காது கேக்கலைன்னு அவர் உங்ககிட்ட முதல் நாளே சொல்லியிருந்தா நீங்க சீஃப் இன்ஜினியர்கிட்ட சொல்லியிருக்க மாட்டீங்களா?"

அதற்கு நான் பதில் சொல்லவில்லை, பஜ்ஜி எடுத்துக்கொண்டேன். இங்கேயும் சொல்லப்போவதில்லை.

ஆனால் அவள் பேச்சில் இன்னொன்று பிடிபட்டது. அலெக்கின் ரகசியம் வெளியே வந்தால் அவனுக்கு ஆதரவாளர்களும் கிடைக்கலாம், ஒரு ராஜ்யமும் கிடைக்கலாம். டெரினின் ரகசியம் வெளியே வந்தால் கிடைக்க ஒன்றுமே இல்லை, இழப்பு மட்டும்தான். இருவரும் ரகசியம் வைத்திருக்கிறார்கள் என்று ஒரே தட்டில் வைத்து 2ஆம் தேதி நான் எழுதியதில் இந்த வித்தியாசம் வரவேயில்லை.

ஆண் வேடத்தில் போர்முனைக்குப் போனவர்கள் நிஜத்திலும் உண்டு. டொரோத்தி லாரன்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண், பத்திரிகையாளராகப் போக அனுமதி கிடைக்காததால் 1915இல் சிப்பாய் உடை போட்டுக்கொண்டு பிரான்ஸ் போர்முனைக்குப் போனார். அவருக்கு உதவிய சிப்பாய்களுக்கு விஷயம் தெரியும். கடைசியில் தானே சரணடைந்தார். விசாரித்த அதிகாரிகளுக்கு அவர் ஒற்றரா, வேறு என்ன என்றே விளங்கவில்லை. அதே போரில் ஃபுளோரா ஸாண்ட்ஸ் என்ற இன்னோர் ஆங்கிலேயப் பெண் எந்த வேடமும் இல்லாமல் செர்பியப் படையில் சண்டையிட்டார், பிற்பாடு அதிகாரியாகவும் ஆனார். ஆக, டெரின் பிறந்த நாட்டில் மூடியிருந்த கதவு இன்னொரு நாட்டில் கொஞ்சம் திறந்திருந்தது.

ஆகஸ்ட் 21

காதல் தேவையா என்ற கேள்வி மறுபடி மறுபடி வருகிறது. என் அபிப்பிராயம்: தேவையில்லை, ஆனால் தொந்தரவும் இல்லை. டெரின் பக்கம் அது இரண்டாம் புத்தகத்திலேயே இருக்கிறது, அவள் பாட்டுக்கு வைத்துக்கொண்டு வேலையைப் பார்க்கிறாள். அதிலும் லிலித் என்ற புரட்சிக்காரப் பெண்ணுக்கு டெரின் மேல் ஒரு கண், அதுவும் பெண் என்று தெரிந்தே. இந்த இடத்தில் ஆசிரியர் பிரசங்கம் எதுவும் வைக்காமல் நகர்ந்துவிடுகிறார்.

காதலைவிட எனக்குப் பிடித்தது கவுண்ட் வோல்கர். அலெக்கின் வாள்பயிற்சி ஆசான், பாதுகாவலர், கிழட்டு நரி. டெரினின் ரகசியத்தை அலெக்குக்கு வெகுமுன்பே மோப்பம் பிடித்து, அதை வைத்தே அவளை மிரட்டி வேலை வாங்குகிறார். அவளும் முறைத்துக்கொண்டே செய்கிறாள். 'பொருந்தாத கூட்டாளிகள்' என்று யாரையாவது சொல்வதென்றால் இவர்களைத்தான் சொல்லவேண்டும்.

ஆகஸ்ட் 22

லோரிஸை, அதாவது தேவாங்கு மாதிரி வளர்த்த பிராணியை, விட்டுவிட்டேன் என்று அண்ணன் மகள் திட்டுகிறாள். போவ்ரில் என்று பெயர், முட்டையிலிருந்து பொரிந்ததும் அலெக்கைப் பிடித்துக்கொள்கிற குட்டிப் பிராணி. கேட்ட சொல்லைத் திருப்பிச் சொல்லும், ஆனால் எப்போது எதைச் சொல்லவேண்டும் என்று தெரிந்து சொல்லும். ஷார்ப் என்பது டெரினின் குடும்பப் பெயர்; அவளைப் பார்த்து 'மிஸ்டர் ஷார்ப்' என்று ஓர் இழுப்பு இழுக்கும் பாருங்கள். அலெக்குக்கு அது புரிய எத்தனை அத்தியாயம்!

ஆகஸ்ட் 30

மூன்றாம் புத்தகத்தை மறுபடி படித்து முடித்தேன். முடிவு தெரியவேண்டாம் என்பவர்கள் இந்தக் குறிப்பைத் தாண்டிப் போய்விடுங்கள்.

முதல் குறை, பிரமுகர் ஊர்வலம். சைபீரியாவில் துங்குஸ்கா காட்டில் மின்சார விஞ்ஞானி டெஸ்லா, கலிஃபோர்னியாவில் பத்திரிகை முதலாளி ஹெர்ஸ்ட், மெக்சிகோவில் புரட்சித் தலைவர் பாஞ்சோ வியா. ஒவ்வொருவரும் வந்து முகம் காட்டிவிட்டுப் போகிறார்கள். துங்குஸ்காவை எடுத்ததில் மட்டும் சாமர்த்தியம் தெரிகிறது: 1908 ஜூன் 30 அன்று அந்தக் காடு தரையோடு சாய்ந்தது நிஜம், நாவலின் டெஸ்லா 'அது என் இயந்திரம் செய்தது' என்கிறார். நம்பலாமா வேண்டாமா என்ற சந்தேகத்தைக் கடைசிவரை இழுத்துக்கொண்டு போவது நன்றாக இருக்கிறது.

அப்புறம் நியூயார்க். டெஸ்லாவின் இயந்திரம் ஒரு நகரத்தை அழித்தால் போர் நின்றுவிடலாம். அலெக் முதலில் அதை நம்பி டெஸ்லா பக்கம் நிற்கிறான். தன் அப்பா அம்மா சாவில் தொடங்கிய போரைத் தானே நிறுத்தவேண்டும் என்று அவனுக்குள் ஒரு வெறி. அந்த இயந்திரம் சுடவிருக்கிற நேரத்தில் அவன்தான் டெஸ்லாவைக் கொன்று தடுக்கிறான். சாகசத் தொடர்களில் நாயகன் கையில் ரத்தம் படாமல் வில்லன் தானே தடுக்கி விழுந்து சாவான். இங்கே அந்தச் சலுகை இல்லை. இதற்காகவே ஆசிரியருக்கு ஒரு கும்பிடு.

ஆனால் போப்பின் கடிதத்தை அலெக் கடலில் எறிகிற இடம்... 2ஆம் தேதி கேட்டிருந்தால் 'அற்புதம்' என்று எழுதியிருப்பேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. டெரினுக்காக ஒரு சாம்ராஜ்யத்தையே விட்டான் என்று நெகிழ்கிறோம். அந்தச் சாம்ராஜ்யம் 1918இல் நிஜத்தில் சிதறிப்போனது, படிக்கிறவன் அறிவான், அலெக் அறியமாட்டான். எனக்கு வேண்டியது வேறு: அவன் பின்னாலேயே தங்கள் வாழ்க்கையைப் பணயம் வைத்து வந்தார்களே வோல்கர், கிழவர் க்ளோப், பாவர், ஹாஃப்மன்! அந்தக் கடிதம் அவர்களுடைய கூலியும்கூட. ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எறிந்திருக்கலாம்.

ஆகஸ்ட் 30, இரவு

அண்ணன் மகளின் பதில் வாட்ஸ்அப்பில்: "அவங்ககிட்ட கேட்டிருந்தா வோல்கர் எறிய விட்டிருப்பாரா? லூசு மாதிரி பேசாதீங்க சித்தப்பா."

செப்டம்பர் 3

முதலில் கேள்வி கேட்டவர் முதல் புத்தகத்தை வாங்கிவிட்டாராம், மின்னூல் வாங்கலாமா என்று இப்போது கேட்கிறார். சின்னத் திரை உள்ள கருப்பு வெள்ளைக் கருவியில் வேண்டாம். கீத் தாம்சன் வரைந்த படங்கள் புத்தகத்துக்குப் புத்தகம் கிட்டத்தட்ட ஐம்பது இருக்கின்றன, அந்தக் காலத்துச் சாகச நாவல்களில் வருமே அந்தப் பாணி. உள்ளட்டையில் ஐரோப்பா வரைபடம் வண்ணத்தில்: நாடுகள் எல்லாம் பிராணிகளாகவும் இயந்திரங்களாகவும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டிருக்கும். நிஜமாகவே 1914இல் லண்டனில் அப்படியொரு கேலி வரைபடம் அச்சானது, அதில் பல நாடுகள் நாய்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

2012இல் படங்களை மட்டும் வைத்து ஒரு தனிக் கையேடு வந்தது. கப்பலின் குறுக்குவெட்டு, நடைவண்டியின் உள்ளமைப்பு எல்லாம் அதில் உண்டு. மூன்றையும் முடித்த பிறகு வாங்கினால் போதும். என் பிரதி அண்ணன் வீட்டில் இருக்கிறது, திரும்பி வருகிற மாதிரித் தெரியவில்லை.